தேரைகள் சாலை கடக்கும் இரவுகள்: வசந்தத் தொடக்கத்தில் பார்ப்பதும் உதவுவதும்

நீங்கள் கேட்டது இது: இங்கிலாந்தில் ஒரு பள்ளத்தாக்குக் கிராமத்துக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்கள். பிப்ரவரி கடைசியில் தூறல் விட்ட ஒரு மாலை காரில் வரும்போது, குளத்தை ஒட்டிய சாலையில் தவளை மாதிரி ஏதோ அங்கங்கே உட்கார்ந்திருந்தன. பாதிக்கு மேல் நசுங்கிக் கிடந்தன. இந்தப் பருவத்தில் அங்கே வேறு என்னென்ன உயிர்களைப் பார்க்கலாம், தன்னார்வலராக எதில் சேரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில்தான் உண்மையான கவலை தெரிகிறது: ஒன்றும் தெரியாதவர் கைவைத்தால் அது உதவியா, உபத்திரவமா? அந்தக் கவலை நியாயமானது. இந்த ஆறேழு வாரங்களில் பெரும்பாலான உயிர்களுக்கு நாம் செய்யக்கூடிய நல்லது தள்ளி நிற்பதுதான். ஆனால் நீங்கள் சாலையில் பார்த்தவற்றுக்கு ஆள் தேவை, அதுவும் குறிப்பிட்ட சில இரவுகளில், இருட்டிய பிறகு. அதனால் பதிலில் பெரும்பங்கை அதற்கே ஒதுக்குகிறேன்.

அவை பெரும்பாலும் தவளைகள் அல்ல, தேரைகள். குளிர்காலம் முழுக்கக் காட்டிலும் உயிர்வேலிகளின் அடியிலும், மட்கிய மரத்துக்கும் இலைக்குவியலுக்கும் கீழே அசையாமல் கிடந்துவிட்டு, ஈரமும் வெப்பமும் கூடிய முதல் மாலைகளில் முட்டையிடும் குளத்தை நோக்கிக் கிளம்பும். ஒரு தேரைக் கூட்டத்துக்கு அதன் குளம் பரம்பரையாக வருவது. வழியில் வேறு நல்ல குளம் இருந்தாலும் அதைத் தாண்டிப் பழைய குளத்துக்கே போகும். ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்துகூட வருவதுண்டு. பள்ளத்தாக்கில் காடு சரிவிலும் நீர் அடியிலும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே, சரிவின் அடியை ஒட்டி, சாலை போகும். ஒரே இடத்தில் ஒரே வாரத்தில் இத்தனை தேரைகள் சாகக் காரணம் இந்த அமைப்புதான்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆண் தேரைகள் பெண்களைவிட முன்னதாகவே, அதிக எண்ணிக்கையில் வந்துவிடும். புல்லும் புதரும் இல்லாத தார்ச்சாலை, வரும் பெண்ணைப் பார்க்க வசதியான திறந்தவெளி. அதனால் ஆண் தேரை சாலையைக் கடப்பதற்குப் பதிலாக நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருக்கும். வண்டி வந்தாலும் தவளைபோல எம்பித் தாண்டாது. அப்படியே பதுங்கும். சக்கரங்களுக்கு நடுவில் விட்டு ஓட்டினால் தப்பிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வேகமாகப் போகும் வண்டியின் அடியில் உண்டாகும் காற்றழுத்த மாற்றமே அதைக் கொல்லக்கூடும். ஓட்டுநர் செய்யக்கூடியது வேகத்தை நன்றாகக் குறைப்பது, முடிந்தால் இருட்டிய பிறகு இரண்டு, மூன்று மணி நேரம் வேறு சாலையில் போவது.

தேரையையும் தவளையையும் டார்ச் வெளிச்சத்தில் பிரிக்கப் பழகுங்கள். தவளையின் தோல் வழவழப்பாக மின்னும், கண்ணுக்குப் பின்னால் முகமூடி போலக் கருந்திட்டு இருக்கும், பின்னங்கால் நீளம், தொட்டால் துள்ளும். தேரையின் தோல் சொரசொரப்பு, கண்ணுக்குப் பின்னால் இரு பக்கமும் புடைத்த சுரப்பி, கண் செம்பு நிறம், நடந்து போகும். ஆண் பெரும்பாலும் 8 செ.மீ.க்குள், பெண் 13 செ.மீ. வரை. இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் முன்னங்காலில் உள்விரல்கள் மூன்றில் கருப்பாகத் தடிப்பு இருக்கும், பெண்ணை விடாமல் பற்றிக்கொள்வதற்காக. ஆணை முதுகுப் பக்கமாக அக்குளுக்குக் கீழே பிடித்துத் தூக்கினால் "கிக், கிக்" என்று விட்டு விட்டுக் கத்தும். 'நான் ஆண், விடு' என்று இன்னொரு ஆணுக்குச் சொல்லும் குரல் அது. நுணலும் தன் வாயால் கெடும் என்று நமக்குப் பழமொழி. இங்கே வாய்தான் அதை விடுவிக்கிறது. பெண் பெரும்பாலும் சத்தம் போடாது.

எந்த இரவில் போக வேண்டும் என்பதுதான் அடுத்தது. இடத்துக்கு இடம் நாள் மாறும். தென்மேற்கில் ஜனவரி கடைசியிலேயே சில நகரும், வடக்கிலும் மேட்டுநிலத்திலும் மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் வரை போகும். உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: பொழுது சாய்ந்த பிறகு, தரை ஈரமாக, வெப்பம் சுமார் 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் நகர்வு தொடங்கும். 7, 8 டிகிரியும் மெல்லிய மழையும் சேர்ந்த இரவில் உச்சத்துக்குப் போகும். 5 டிகிரி என்பதைக் கறாரான கோடாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பல நாள் குளிருக்குப் பிறகு வரும் முதல் ஈர இரவில் 5 டிகிரியிலேயே நூற்றுக்கணக்கில் கிளம்பும், காய்ந்த காற்றடிக்கும் இரவில் 9 டிகிரியிலும் ஒன்றும் வராது. முழுநிலவுக்கும் இவற்றின் வருகைக்கும் தொடர்பு காட்டும் ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் இன்று போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க நிலவைவிட மழையும் வெப்பமானியும்தான் கைகொடுக்கும். பொழுது சாய்ந்த அரை மணியிலிருந்து அடுத்த இரண்டு, மூன்று மணி நேரம்தான் முக்கியம். வேலை முடிந்து வண்டிகள் திரும்பும் நேரமும் அதுவே என்பதுதான் கொடுமை.

தேரைகளை வாளியில் எடுத்துச் சாலையைக் கடத்திவிடத் தனியாக இறங்குவதற்கு முன், உங்கள் சாலை ஏற்கெனவே பதிவான தேரைக் கடவுப்பாதையா என்று பாருங்கள். பிரிட்டனில் ஃபிராக்லைஃப் என்ற அறக்கட்டளை 'டோட்ஸ் ஆன் ரோட்ஸ்' என்ற திட்டத்தை ஒருங்கிணைக்கிறது. கடவுப்பாதைகளும், அங்கே இரவில் நடந்து தேரைகளைக் கடத்திவிடும் ரோந்துக் குழுக்களும் அதில் பதிவாகியிருக்கும். சிவப்பு முக்கோணத்துக்குள் தேரைப் படம் போட்ட எச்சரிக்கைப் பலகை சாலையோரம் இருந்தால் அந்த இடத்துக்கு ஒரு குழு இருந்தது என்று அர்த்தம். இப்போதும் இயங்குகிறதா என்று விசாரியுங்கள், பலகை மட்டும் மிஞ்சிய இடங்களும் உண்டு. குழு இருந்தால் சேர்ந்துவிடுவதே நல்லது. எந்த வளைவில் எந்தப் பக்கமிருந்து வரும், எந்த நிலக்காரர் உள்ளே விடுவார், எந்த இடத்தில் வண்டிகள் கண்மண் தெரியாமல் வரும் என்பதெல்லாம் பொதுவான பதிலில் அடங்காது. பல ஆண்டுகள் அங்கே நடந்த ஒருங்கிணைப்பாளருக்குத்தான் தெரியும்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுப்பே கிடையாது. ஒளிரும் மேல்சட்டை, தலையில் ஒரு விளக்கு, கையில் ஒரு டார்ச், வண்டி வரும் திசைக்கு எதிர்முகமாக நடப்பது, குறைந்தது இரண்டு பேராகப் போவது. தன்னார்வலருக்கு வண்டியை நிறுத்தும் அதிகாரம் இல்லை. கையைக் காட்டி நிறுத்த முயல்வதுதான் விபத்துக்கு நேர்வழி. வண்டிச் சத்தம் கேட்டவுடன் ஓரத்துக்கு ஏறிவிடுங்கள், எட்டும் தூரத்தில் ஒரு தேரை இருந்தாலும் சரி. அந்த ஒரு நொடியில் மனசு கேட்காது. அதனால்தான் இதை முன்கூட்டியே தீர்மானித்துவிட்டு இறங்க வேண்டும். நடைபாதையும் இல்லாத, அறுபது மைல் வேகத்தில் வண்டிகள் போகும் சாலையாக இருந்தால் ரோந்தே வேண்டாம். மறுநாள் காலை வெளிச்சத்தில் எண்ணிக்கை மட்டும் எடுங்கள்.

கருவி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. உயரமான சுவருள்ள, மூடி போடக்கூடிய வாளி இரண்டு. மூடியில் காற்றுத் துளைகள். அடியில் இரண்டு விரல் கனத்துக்கு ஈரமான இலையோ புல்லோ. வாளியில் தண்ணீர் ஊற்றாதீர்கள், முதல் நாள் வருபவர்கள் எல்லாரும் நல்லெண்ணத்தில் செய்யும் தவறு அதுதான். தேரைக்கு நுரையீரல் உண்டு. ஒரு பெண்ணின் மேல் நான்கைந்து ஆண்கள் ஏறிப் பற்றிக்கொண்டால் சில அங்குலத் தண்ணீரிலேயே அது மூழ்கிச் செத்துப்போகும். தண்ணீர் இல்லாத வாளியிலும் கூட்டம் அதிகமானால் இதே நெருக்கடிதான். ஒரு வாளிக்குப் பத்துப் பதினைந்துக்கு மேல் சேர்க்காமல் அடிக்கடி கொண்டுபோய் விடுங்கள். தவளைகளையும், நியூட் என்ற வாலுள்ள நீர்நில வாழ்விகளையும் தேரைகளோடு போடாமல் தனி வாளியில் வையுங்கள்.

கையில் சோப்பு, கிரீம், கிருமிநாசினி எதுவும் இருக்கக் கூடாது. இவற்றின் தோல் சுவாசிக்கும் தோல், எதையும் உறிஞ்சிக்கொள்ளும். வெறும் தண்ணீரில் கையை நனைத்துக்கொள்ளுங்கள், அல்லது பவுடர் பூசாத வினைல் கையுறையை நனைத்துப் போடுங்கள். தேரையின் உடலை முன்னங்காலுக்குப் பின்னால் சுற்றிப் பிடித்து, அடியில் இன்னொரு கையைக் கொடுத்துத் தூக்குங்கள். காலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. பயத்தில் சிறுநீர் விடும், அது ஒன்றும் செய்யாது. கண்ணுக்குப் பின்னாலுள்ள சுரப்பியிலிருந்து வரும் பால்தான் நச்சு. கையில் பட்டால் பரவாயில்லை, கண்ணிலும் வாயிலும் படக் கூடாது, முடிந்ததும் நன்றாகக் கை கழுவ வேண்டும். நாயைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். தேரையைக் கவ்விய நாய்க்கு வாயில் நுரை தள்ளும்.

இணையாகப் பார்க்கும்போது, அதாவது பெண்ணின் முதுகில் ஆண் ஏறி அக்குளைப் பற்றியிருக்கும்போது, பிரிக்க முயலாதீர்கள். டார்ச்சை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள்: ஆணின் கட்டைவிரல் பகுதி பெண்ணின் மார்போடு பூட்டுப் போட்டது போல் இறுகியிருக்கும், பெண்ணின் வயிறு முட்டையால் இருபுறமும் பிதுங்கி நிற்கும், அந்தச் சுமையோடும் அவள்தான் இருவரையும் தூக்கிக்கொண்டு நடந்து வந்திருப்பாள். இழுத்தால் தோல் கிழியும். இரண்டையும் சேர்த்தே இரு கையால் எடுத்து வாளியில் வையுங்கள், எண்ணும்போது இரண்டு என்று எழுதுங்கள்.

எடுக்கும் முன் ஒரு நொடி நின்று அது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். அது போகும் பக்கத்துக்கே கொண்டுபோக வேண்டும். தவறான பக்கம் விட்டால் திரும்பவும் சாலையில்தான் ஏறும். பருவத்தின் முதல் பாதியில் பெரும்பாலும் குளத்தை நோக்கி இருக்கும். சாலையிலிருந்து சில மீட்டராவது உள்ளே, புல்லோ புதரோ மறைவு கொடுக்கும் இடத்தில், தரையில் இறக்கி விடுங்கள். குளத்துக்குள் தூக்கிப் போட வேண்டாம். கரையோரம் விட்டால் அதுவே இறங்கிக்கொள்ளும். தனியார் நிலத்துக்குள் போக உரிமையாளரிடம் முன்பே கேட்டுவைத்திருக்க வேண்டும். 'இந்தக் குளம் சின்னது, அந்தப் பண்ணைக் குளம் நல்லது' என்று வேறு நீர்நிலைக்குக் கொண்டுபோவது மட்டும் வேண்டவே வேண்டாம். அது பழைய குளத்தைத் தேடித் திரும்பிக் கிளம்பும். அதைவிட மோசம், ரானாவைரஸ், கைட்ரிட் பூஞ்சை போன்ற தொற்றுகள் ஒரு குளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக நாமே வண்டி கட்டிக் கொடுத்தது போலாகும். தவளை முட்டையைப் பாட்டிலில் அள்ளி வீட்டுத் தோட்டக் குளத்தில் விடுவதும் இதே தவறுதான். இரண்டு குளங்களுக்கு ஒரே நாளில் போக நேர்ந்தால் பூட்ஸிலும் வலையிலும் ஒட்டிய சேற்றையும் இலையையும் தட்டி, கழுவி, முழுக்கக் காயவைத்த பிறகே அடுத்ததில் கால் வையுங்கள்.

டார்ச்சில் ஈரமான குச்சி போலத் தெரிவது பல சமயம் நியூட். குனிந்து பார்த்தால்தான் கால் தெரியும். நடப்பதற்கு முன் வெளிச்சத்தைக் காலடிக்கே காட்டுங்கள், ரோந்து போனவர்கள் காலிலேயே சில மிதிபடுகின்றன. அவற்றில் 15 செ.மீ. அளவுக்குப் பெரிதாக, கரிய சொரசொரத் தோலும் ஆரஞ்சு வயிற்றில் கருந்திட்டுகளும் உள்ளது பெருங்கொண்டை நியூட். சட்டத்தின் முழுப் பாதுகாப்பில் இருப்பது. அதைப் பிடித்து வைத்து அளப்பதற்கோ படமெடுக்க வைத்துக்கொள்வதற்கோ உரிமம் இல்லாமல் வழியில்லை. சாலையில் பார்த்தால் உடனே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு பதிவே அந்தக் குளத்தைக் காப்பாற்றும் ஆதாரமாகலாம்.

இப்போது எண்ணிக்கை. கடத்தி விடுவதற்குச் சமமாக இதை மதிக்கிறேன். ஒவ்வொரு இரவும் எழுத வேண்டியவை: தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், எத்தனை பேர் நடந்தீர்கள், வெப்பம், மழை உண்டா இல்லையா. பிறகு இனவாரியாக உயிரோடு கடத்தியவை, செத்துக் கிடந்தவை, தனித்தனியாக. முடிந்தால் ஆண், பெண், இணை. செத்ததை எண்ணியவுடன் குச்சியால் சாலையோரத்துக்குத் தள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் வருபவர் மீண்டும் எண்ணுவார், தின்ன வரும் நரியும் ஆந்தையும் வண்டியில் அடிபடும். ஒன்றுமே வராத இரவையும் 'பூஜ்யம்' என்று எழுதுங்கள். அந்தப் பூஜ்யம் இல்லாவிட்டால், யாரும் போகாத இரவுக்கும் போயும் எதுவும் வராத இரவுக்கும் வித்தியாசம் தெரியாமல் கணக்கே கோணலாகும். மூன்று பேர் இரண்டு மணி நேரம் நடந்து 60, ஒருவர் அரை மணி நடந்து 60 என்ற இரண்டும் ஒன்றல்ல என்பதால்தான் ஆள்கணக்கும் நேரக்கணக்கும் கேட்கிறார்கள்.

பலர் கவனிக்காத இடம் சாலையோரச் சாக்கடைக் குழி. கல்விளிம்பைத் தாண்டத் தெரியாத தேரை அதை ஒட்டியே நடந்து நேராக இரும்புக் கம்பி மூடியின் இடுக்கில் விழும். உள்ளே சுவர் செங்குத்து, அடியில் தண்ணீர், ஏறி வர வழியில்லை. சாலையில் ஒன்றுகூடச் சாகாத இரவிலும் இந்தக் குழிகளில் பல சிக்கியிருக்கலாம். பகலில் போய் டார்ச் அடித்துப் பாருங்கள். மூடியை நீங்களே தூக்காதீர்கள், எடை அதிகம், அது நெடுஞ்சாலைத் துறையின் சொத்தும்கூட. எந்தெந்தக் குழி என்று எண்ணிட்டு, படமெடுத்து, கவுன்சிலுக்கு எழுதினால், வலை போர்த்திய ஒல்லியான உலோக ஏணியை உள்ளே சாய்த்து வைக்க அனுமதி கேட்கலாம். பல இடங்களில் வைத்திருக்கிறார்கள், அவை அதில் ஏறி வருகின்றன. ஒரு தடவை பொருத்தினால் ஆள் இல்லாத இரவிலும் வேலை செய்யும் என்பதால், முடியும் இடத்தில் முதலில் இதற்கு உழைக்கச் சொல்வேன்.

முட்டையிட்டு முடித்ததும் திரும்பும் பயணம். போகும்போது போல ஒரே வாரத்தில் அலையாக வராது. சில வாரங்களுக்குச் சிதறி, பெண்கள் முன்னதாகவும் ஆண்கள் பிந்தியும் காட்டுப் பக்கம் ஏறும். இந்த நேரத்தில் ஆட்கள் சலித்து நின்றுவிடுகிறார்கள். திசை இரண்டும் கலந்திருக்கும் இரவுகள் வரும். அப்போது ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பெண்ணின் வயிறு ஒட்டிச் சுருங்கியிருந்தால் அது குளத்திலிருந்து திரும்புகிறது என்று பெரும்பாலும் நம்பலாம். கோடையில் விரல்நகம் அளவுள்ள குட்டித் தேரைகள் மழைநாளில் ஆயிரக்கணக்கில் குளத்தை விட்டு ஏறும். அப்போது வாளியால் ஒன்றும் செய்ய முடியாது, வண்டிகள் அந்தச் சாலையைத் தவிர்ப்பதே வழி.

இதனால் உண்மையில் தேரைகள் பிழைக்கின்றனவா என்று நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லியாக வேண்டும். உறுதியானது: நீங்கள் கடத்திய தேரை அன்றிரவு அந்தச் சாலையில் சாகவில்லை. முட்டை சுமந்த ஒரு பெண், ஆயிரக்கணக்கான முட்டைகளை அந்தக் குளத்தில் விடுகிறது. பெண் தேரை முதிர மூன்று, நான்கு ஆண்டுகளாவது ஆகும், எல்லாம் ஆண்டுதோறும் முட்டையிடுவதுமில்லை, அதனால் வளர்ந்த பெண்ணின் சாவு சின்ன இழப்பல்ல. 2016இல் பிளாஸ் ஒன் இதழில் வெளியான ஆய்வொன்று ரோந்துக் குழுக்கள் சேர்த்த எண்ணிக்கைகளை வைத்தே, பிரிட்டனில் 30 ஆண்டுகளில் தேரைகள் சராசரியாக 68 விழுக்காடு குறைந்திருப்பதாகக் கணக்கிட்டது. இத்தனை பெரிய சரிவு வெளியே தெரிந்ததற்கே வாளியும் குறிப்பேடுமாக நடந்தவர்கள்தான் காரணம். இழுபறியாக இருப்பது: அந்தச் சரிவில் சாலைக்கு எத்தனை பங்கு, குளங்கள் தூர்ந்துபோனதற்கு, விவசாய முறை மாறியதற்கு, வெதுவெதுப்பான குளிர்காலங்களுக்கு எத்தனை பங்கு என்பது. ரோந்து மட்டும் நடந்தால் போதும், எண்ணிக்கை ஏறிவிடும் என்று யாராவது சொன்னால் அது ஆதாரத்தைத் தாண்டிய பேச்சு. குளத்தையும் காட்டையும் விட்டுவிட்டுச் சாலையை மட்டும் காத்தால் சரிவு தள்ளிப்போகும், நிற்காது. சாலையையே மூடிய ஊர்களும் உண்டு. பாத் நகரை ஒட்டிய சார்ல்கோம்ப் பள்ளத்தாக்கில் ஒரு சின்னச் சாலையைப் பிப்ரவரி, மார்ச்சில் சில வாரங்கள் வண்டிகளுக்கு மூடிவிடுகிறார்கள். வேறு வழி இருக்கும் சிறு சாலைகளுக்கு இதைவிட நல்ல தீர்வு இல்லை. கவுன்சிலிடம் அதைக் கேட்கப் போகும்போது கையில் இருக்க வேண்டியது மூன்று, நான்கு ஆண்டு எண்ணிக்கை.

பகலில் பார்க்கக்கூடியவை பற்றிச் சுருக்கமாக. குளத்தில் ஜெல்லிக் கட்டியாக மிதப்பது தவளை முட்டை. தேரையுடையது அதற்குச் சில வாரம் கழித்து, இரட்டை வரிசைக் கருமணிச் சரம் போல நீருக்கடியில் செடிகளைச் சுற்றி, இரண்டு மூன்று மீட்டர் நீளத்துக்குப் போகும். நியூட் ஒவ்வொரு முட்டையாக இலையில் மடித்து ஒட்டும். வெயிலடிக்கும் முதல் நாட்களில் கந்தக மஞ்சள் இறகோடு பறப்பது பிரிம்ஸ்டோன், வண்ணத்துப்பூச்சியாகவே குளிர்காலத்தைக் கழித்தது. வில்லோ மரத்தின் பூங்கொத்தில் தரையதிரும் ரீங்காரத்தோடு மொய்ப்பது பம்பிள்பீ ராணி. அது தனி ஆளாகப் புதிய கூட்டை ஆரம்பிக்கப் போகிறது, அதனால் தோட்டத்தில் இந்த வாரம் பூத்திருக்கும் எதையும் வெட்டாதீர்கள். மார்ச் நடுவில் தன் பெயரையே இரண்டு சுருதியில் சொல்லிக்கொண்டு சிஃப்சாஃப் என்ற சிறுபறவை வரும். மேட்டுப் புல்வெளிக்கு, நீண்டு வளைந்த அலகுள்ள கர்லூ திரும்பும், ஆட்காட்டிகள் கரணம் போட்டுப் பறக்கும். ஓடையில் பாறை மேல் குனிந்து நிமிர்வது டிப்பர், நீருக்கடியில் இறங்கி இரை தேடுவது, மற்ற பறவைகளுக்கு முன்பே கூடு கட்டிவிடும். வயலில் இரண்டு காட்டுமுயல்கள் நிமிர்ந்து குத்துச்சண்டை போட்டால் இரண்டும் ஆண் என்று எண்ணிவிடாதீர்கள், நெருங்கிவரும் ஆணைப் பெண் அடித்து விரட்டுவதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். தெற்குப் பார்த்த சரிவில் காய்ந்த புல்மேல் வெயில் காயும் வளைகோட்டு முதுகுப் பாம்பு ஆடர், விரியன் இனம், நச்சுள்ளது. அது தன் குளிர்கால வளையை விட்டு இப்போது அதிக தூரம் போகாது. படமெடுக்கத் திரும்பத் திரும்பப் போனால் வெயில் காய விடாமல் விரட்டுகிறோம்.

வேறு தன்னார்வ வேலைகளில் காலம் தவறியவற்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் ஆர்வத்தில் செய்யும் தீங்கு அங்கேதான். குளத்தைத் தூர்வாருவதும் செடி களைவதும் இலையுதிர்காலத்து வேலை, இப்போது செய்தால் முட்டையோடு அள்ளிவிடுவீர்கள். மரக்குவியலையும் இலைக்குவியலையும் கிளறாதீர்கள். இங்கிலாந்தில் விவசாய நிலத்து உயிர்வேலிகளை மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வெட்ட 2024ஆம் ஆண்டு விதிகளில் தடை உண்டு, சில விலக்குகளோடு. எந்தக் காட்டுப்பறவையும் கட்டிக்கொண்டிருக்கும் அல்லது பயன்படுத்தும் கூட்டைச் சேதப்படுத்துவது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கூடு கட்டும் கூகைக்கு இன்னும் கடுமையான பாதுகாப்பு, உரிமம் இல்லாதவர் அதன் கூட்டருகே போய்த் தொந்தரவு செய்யவே கூடாது.

பார்த்ததைப் பதிவு செய்வது எல்லாருக்கும் பொருந்தும் வேலை. என்ன, எங்கே, எப்போது, யார் பார்த்தது என்ற நான்கும் இருந்தால்தான் அது பதிவு. 'எங்கே' என்பதற்கு ஊர்ப்பெயர் போதாது. வரைபடத்தின் இரண்டு எழுத்து, ஆறு எண் கொண்ட கட்டக் குறியீட்டை எழுதினால் 100 மீட்டர் சதுரத்துக்குள் இடம் நிற்கும். ஐரெக்கார்ட் என்ற உயிரினப் பதிவு இணையதளத்தில் போட்டால் இனம் தெரிந்தவர்கள் சரிபார்ப்பார்கள். உறுதியில்லாததை 'தேரையாக இருக்கலாம்' என்றே எழுதுங்கள், ஊகித்து இனம் குறிக்காதீர்கள். முதல் முட்டை, முதல் சிஃப்சாஃப், முதல் பூ போன்ற தேதிகளுக்கு வுட்லேண்ட் டிரஸ்ட் நடத்தும் நேச்சர்ஸ் காலண்டர் இருக்கிறது. நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் 1736இல் இத்தகைய தேதிகளை எழுதத் தொடங்கினார். அவர் குடும்பத்தார் 1958 வரை தொடர்ந்தார்கள். வசந்தம் எத்தனை நாள் முந்துகிறது என்று இன்று பேச முடிவது அப்படி விடாமல் எழுதியவர்களால். ஆடர் வெயில் காயும் இடம், பேட்ஜர் என்ற வளைக்கரடியின் வளை, நீர்நாய்ப் பொந்து, கூகைக் கூடு ஆகியவற்றின் சரியான இடத்தை மட்டும் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். உள்ளூர் உயிரினப் பதிவு மையத்துக்கு மட்டும் கொடுங்கள்.

உங்கள் சாலைக்குக் குழு எதுவும் இல்லை என்று தெரியவந்தால், இந்த ஆண்டு அவசரப்பட்டுக் குழு சேர்க்க வேண்டாம். இந்த வாரமே ஒரு நாள் பகலில் போய்ச் சரிவில் காடு எந்தப் பக்கம், நீர் எந்தப் பக்கம், வேலியில் இடைவெளி எங்கே, சாக்கடைக் குழி எத்தனை, வண்டி வந்தால் ஏறி நிற்க இடம் எங்கே என்று வரைந்துகொள்ளுங்கள். மழையும் 5 டிகிரிக்கு மேல் வெப்பமும் சேரும் அடுத்த மாலையில், துணைக்கு ஒருவரோடு போய் எண்ணுங்கள். கடத்த முடிந்தவற்றைக் கடத்துங்கள். பருவம் முடிந்ததும் அந்தத் தாளோடு ஃபிராக்லைஃபில் கடவுப்பாதையைப் பதிவு செய்துவிட்டு, ஜனவரியில் ஊர்ப் பலகையில் அறிவிப்பு ஒட்டி ஆள் சேருங்கள். வாரத்தில் ஒரு இரவு வரக்கூடிய ஏழு பேர் கிடைத்தால் ஒரு சாலைக்குப் போதும்.